சிவப்பு டாங்கி காங் கேபினட்: அசலா, மாற்றப்பட்டதா?

வாசகர் கேள்வி: 3 பிப்ரவரி 2024

பென்சில்வேனியாவில் மூடப்பட்ட ஒரு மதுக்கடையின் நிலவறையிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் சிவப்பு நிற டாங்கி காங் கேபினட் ஒன்று, அதாவது குரங்கு உருட்டிவிடும் பீப்பாய்களைத் தாண்டி ஏணி ஏறும் அந்தப் பழைய காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டின் பெட்டி, விலைக்கு வந்திருக்கிறது. விற்பவர் இதுதான் முதன்முதலில் வந்த அசல் என்று சொல்லி, நீல நிறக் கேபினட்டைக் காட்டிலும் கூடுதல் விலை கேட்கிறார். பழைய இயந்திரங்களில் பழக்கமுள்ள என் நண்பரோ, இது வேறொரு விளையாட்டுக்காகச் செய்த பெட்டி, டாங்கி காங்கைப் பிறகுதான் உள்ளே வைத்தார்கள், ஆகவே இதை அசல் என்று சொல்ல முடியாது என்கிறார். வாங்கினால் நீல வண்ணம் அடித்துவிடும்படியும் சொல்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?

3 பிப்ரவரி 2024, இரவு

முதலில், நீல வண்ணம் அடிக்காதீர்கள். இருவர் சொல்வதும் உண்மைதான் என்பதால் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நிண்டெண்டோ நிறுவனம் 1980-இல் ரேடார் ஸ்கோப் என்ற விண்வெளிச் சண்டை விளையாட்டை வெளியிட்டது. அதன் அமெரிக்கக் கிளையை நடத்திவந்த மினோரு அரகாவா, அந்த விளையாட்டை நம்பி 3,000 இயந்திரங்களை ஜப்பானிலிருந்து வரவழைத்தார். கப்பலில் அவை வந்து சேருவதற்குள் பல மாதங்கள் ஓடிவிட்டன; வந்தபோது அந்த வகை விளையாட்டின் மீதிருந்த மோகமும் தணிந்துவிட்டது. ஏறத்தாழ 1,000 விற்றன, மீதி 2,000 கிடங்கில் தேங்கின. அவற்றைத் தூக்கி எறிய வசதியில்லாத நிலையில், அதே பெட்டிக்குள், அதே மானிட்டரைக் கொண்டு ஓடக்கூடிய புதிய விளையாட்டு ஒன்றைச் செய்து தரும்படி அரகாவா கியோட்டோவிலிருந்த தலைமையகத்துக்கு எழுதினார். அந்த வேலை 1977-இல் வடிவமைப்பாளராகப் பணியில் சேர்ந்திருந்த ஷிகேரு மியாமோட்டோவின் கைக்கு வந்தது. நிண்டெண்டோவின் பொறியாளர் குன்பே யோகோய் மேற்பார்வையிட்டார். 1981-இல் டாங்கி காங் பிறந்தது இப்படித்தான்.

சியாட்டில் நகரை அடுத்த டக்விலாவில் இருந்த கிடங்கில் அந்த 2,000 பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, விளையாட்டை இயக்கும் பழைய மின்சுற்றுப் பலகையை (போர்டை) மாற்றி, புதிய படங்களை ஒட்டி முடித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்: அரகாவா, அவர் மனைவி யோகோ, விற்பனையைக் கவனித்த ரான் ஜூடி, ஆல் ஸ்டோன், கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஹோவர்ட் பிலிப்ஸ் முதலியோர். அந்தக் கிடங்கின் உரிமையாளர் மரியோ செகாலி. விளையாட்டில் ‘ஜம்ப்மேன்’ என்று மட்டுமே அறியப்பட்டிருந்த தச்சனுக்கு மரியோ என்று பெயர் வந்தது அவரிடமிருந்துதான். சியாட்டிலின் இரண்டு மதுக்கடைகளில் சோதனைக்காக வைத்த இயந்திரங்கள் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 30 டாலர் ஈட்டின. கால் டாலர் நாணயத்தில் அது 120 ஆட்டங்கள்.

அந்த 2,000 பெட்டிகளின் நிறம் சிவப்பு. அவை தீர்ந்து, தேவை பெருகி, டாங்கி காங்குக்கென்றே புதிதாகக் கேபினட்கள் செய்யத் தொடங்கியபோதுதான் நீலம் வந்தது. ஆகவே உங்கள் நண்பர் ‘மாற்றப்பட்டது’ என்று சொல்வது சரி. ஆனால் அமெரிக்காவில் முதல் டாங்கி காங் என்பதே மாற்றப்பட்ட ஒரு பெட்டிதான். அதற்கு முந்தைய ‘தூய’ டாங்கி காங் கேபினட் என்று ஒன்றை அங்கே தேடினால் கிடைக்காது.

பின்பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே நான்கு போர்டுகள் அடுக்காக இருந்தால், உங்களுடையது அந்த 2,000-இல் ஒன்று என்று கொள்ளலாம். இரண்டே போர்டுகள் இருந்தால், பிற்காலத்தில் யாரோ உள்ளே இருப்பதை மாற்றியிருக்கிறார்கள்.

4 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதன் கடைசிப் பத்தியில் பிழை இருக்கிறது. நான்கு போர்டு அடுக்கு சிவப்புப் பெட்டிகளுக்கு மட்டுமே உரியது அல்ல. டிகேஜி-2, டிகேஜி-3 என்று குறிக்கப்படும் இரண்டு வகைகளும் நான்கு போர்டு அடுக்குகளே. பிந்தைய டிகேஜி-4 வகைதான் இரண்டு போர்டுகளாகச் சுருங்கியது. தொடக்ககால நீலப் பெட்டிகளிலும் நான்கு போர்டு அடுக்கு உண்டு. என் நண்பர் ஒருவரின் நீலக் கேபினட்டை நானே திறந்து, தூசி தட்டி, நான்கையும் எண்ணியிருக்கிறேன். அப்படியிருந்தும் நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன்.

எனவே நான்கு போர்டு என்பது தொடக்ககாலம் என்பதற்கு அடையாளமே தவிர, சிவப்பு உண்மையான சிவப்புதான் என்பதற்குச் சான்றாகாது. வண்ணத்தைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். காசுக் கதவின் சட்டத்தைக் கழற்றி, அது மூடியிருந்த விளிம்பைப் பாருங்கள். தூரிகையும் தெளிப்பானும் எட்டாத அந்த இடத்தில் நீலம் எட்டிப்பார்த்தால், சிவப்பு பிறகு அடித்தது.

4 பிப்ரவரி 2024, மாலை

ஒரு சோதனையைச் சொல்ல மறந்தேன். முதல் கட்டத்தில், அதாவது பீப்பாய்கள் உருளும் 25 மீட்டர் கட்டத்தில், ஏணி ஏறி முடித்தவுடன் எந்தக் கட்டம் வருகிறது என்று கவனியுங்கள். நேராக ரிவெட்டுகளை அகற்றும் 100 மீட்டர் கட்டம் வந்தால் அது அமெரிக்க ரோம் (விளையாட்டின் நிரல் பதிந்திருக்கும் சில்லு). கன்வேயர் பட்டை ஓடும் 50 மீட்டர் கட்டம் வந்தால் ஜப்பானிய ரோம். ஜப்பானிய வடிவில் 25, 50, 75, 100 என்று வரிசையாக ஏறலாம். அமெரிக்க வடிவில் அந்த நான்கையும் முழுதாகப் பார்க்க மூன்றாம் நிலை வரை (சில கட்டங்கள் சேர்ந்தது ஒரு நிலை) தாக்குப்பிடிக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், அமெரிக்காவில் கால் டாலர் போட்டு விளையாடிய பெரும்பாலோர் கன்வேயர் கட்டத்தைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள்.

6 பிப்ரவரி 2024

‘பெட்டி எந்த நிறமாக இருந்தால் என்ன, விளையாட்டு ஒன்றுதானே’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த எண்ணம் எனக்கு எட்டு மாதங்களை விலையாகக் கேட்டது.

2009-ஆம் ஆண்டு கோடையில், நியூ ஹாம்ப்ஷயரின் லகோனியாவில் உள்ள ஃபன்ஸ்பாட்டுக்கு என் மகனை அழைத்துச் சென்றேன். அவனுக்கு அப்போது ஏழு வயது. அங்கே பழைய ஆர்கேட் இயந்திரங்களுக்கென்று தனி அருங்காட்சியகமே இருக்கிறது. வரிசை வரிசையாக நின்ற நூற்றுக்கணக்கான இயந்திரங்களைத் தாண்டிச் சென்று அவன் நின்றது டாங்கி காங்கின் முன்னால். கை எட்டாமல் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று விளையாடினான். ஒவ்வொரு முறையும் ஐந்தாம் உத்தரத்தில் பீப்பாய் அடித்து விழுந்தான், அழாமல் மறுபடியும் காசு கேட்டான். வீட்டில் ஒன்று வாங்கி வைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

வாங்கியது 2011-இல், நியூ ஜெர்சியில், நீல நிறம். விற்றவர் ‘எல்லாம் வேலை செய்கிறது, மானிட்டர் புதிது’ என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டபோது, கறுப்பாக இருக்க வேண்டிய பின்னணி வெள்ளையாக ஒளிர்ந்தது. மற்ற நிறங்களும் புகைப்பட நெகடிவைப் போல் தலைகீழாக இருந்தன. ஒலி அறவே இல்லை. போர்டு பழுதென்று முடிவு கட்டி, பழுது பார்க்கும் ஒருவருக்குத் தபாலில் அனுப்பினேன். மாதங்கள் கழித்து, போர்டில் குறை ஒன்றும் இல்லை என்ற குறிப்புடன் திரும்பி வந்தது. மீண்டும் பொருத்தினேன், மீண்டும் வெள்ளைப் பின்னணி.

குறை மானிட்டரில் இருந்தது. சரியாகச் சொன்னால், மானிட்டரிலும் குறை இல்லை, பொருத்தத்தில்தான் குறை. நிண்டெண்டோ இந்த கேபினட்களில் சான்யோ நிறுவனத்தின் மானிட்டரைப் பயன்படுத்தியது. அது வண்ணச் சமிக்ஞைகளைத் தலைகீழாக எதிர்பார்க்கும் வகை. போர்டும் அதற்கேற்பத் தலைகீழாகவே அனுப்பும். வேறு வகை மானிட்டரை மாட்டினால், இடையில் சமிக்ஞையைப் புரட்டித் தரும் ஒரு சிறு போர்டு வேண்டும். ஒலி வராத காரணம் அதைவிட வியப்பானது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் அந்த சான்யோ மானிட்டரின் சர்க்யூட்டிலேயே இருக்கிறது. மானிட்டரைக் கழற்றியவர் தம்மையறியாமல் ஒலியையும் கழற்றிவிட்டார்.

இதனால்தான் பெட்டியும் விளையாட்டும் வேறு வேறு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

7 பிப்ரவரி 2024

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சியாக ஓர் எச்சரிக்கை. பழைய சான்யோ மானிட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்தபின், அதை வெளியே மேசைமீது வைத்துச் சோதிக்கலாமென்று வீட்டு மின்சாரத்தில் நேரடியாகச் சொருகினேன். உருகி (ஃபியூஸ்) எரிந்துபோனது. அந்த மானிட்டர் ஜப்பானின் 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. கேபினட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்தான் அமெரிக்க மின்சாரத்தை 100 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. உருகியோடு போனதே என் நல்வினை. நீங்கள் வாங்கப் போகும் பெட்டியில் அந்த டிரான்ஸ்ஃபார்மர் அதன் இடத்தில் இருக்கிறதா, மானிட்டரின் இணைப்பு அதிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள். படக்குழாயின் பக்கம் கை வைக்கத் தெரிந்த ஒருவர் அருகில் இல்லாமல் மானிட்டரைத் திறக்கவும் வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

7 பிப்ரவரி 2024, பின்னிரவு

ஜாய்ஸ்டிக்கைப் பற்றிக் கேட்டவருக்கு. டாங்கி காங்குக்கு வேண்டியது மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு திசை மட்டும் அறிந்த ஜாய்ஸ்டிக். உடைந்துபோனதை எடுத்துவிட்டு, கைக்குக் கிடைத்த எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கைப் பொருத்தியிருக்கும் கேபினட்கள் ஏராளம். அதில் விளையாடினால், ஏணியின் அடியில் மேல்நோக்கித் தள்ளும்போது கை இம்மி விலகினாலும் அது மூலைத் திசையாகப் பதிவாகி ஜம்ப்மேன் ஏறாமல் நிற்பான், பீப்பாய் வந்து முடித்துவிடும். என் வீட்டில் முதல் மூன்று மாதங்கள் நடந்தது இதுதான். மகன் தன் கைதான் சரியில்லை என்று நம்பிக்கொண்டிருந்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பீப்பாய் ஓர் ஏணியின் தலைக்கு வரும்போது, அதன் வழியே இறங்குவதா, நேராக உருண்டு போவதா என்பதை விளையாட்டு முழுக்கத் தற்செயலுக்கு விடுவதில்லை. ஜம்ப்மேன் எங்கே நிற்கிறான், ஜாய்ஸ்டிக் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்பவையும் அந்தக் கணக்கில் சேருகின்றன. கைதேர்ந்தவர்கள் பீப்பாயை ‘ஓட்டுவது’ என்று சொல்வது இதைத்தான். ஆகவே ஜாய்ஸ்டிக் வெறும் கைப்பிடியல்ல. அது கோணலாகச் சொன்னால் எதிராளியும் கோணலாகவே ஆடுவான்.

11 பிப்ரவரி 2024

சிலர் இங்கே ‘அசல்’ என்ற சொல்லைப் பெட்டி, போர்டு, மானிட்டர் மூன்றும் ஒரே நாளில் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவை என்ற பொருளில் கையாள்கிறார்கள். அந்த அளவுகோலைப் பிடித்தால், சிவப்புப் பெட்டி எதுவும் தேறாது. அதன் மரமும் மானிட்டரும் ரேடார் ஸ்கோப்புக்காகக் கடல் கடந்தவை, டாங்கி காங்காக மாறியது டக்விலாவில். ஆனால் அந்தக் காரணத்துக்காக அதைத் தள்ளுவது, பிறந்த வீட்டைக் காட்டிப் பிள்ளையைத் தள்ளுவதற்கு ஒப்பாகும்.

யார் செய்தது என்று பார்த்தாலும் இதே சிக்கல்தான். மியாமோட்டோ உருவங்களையும் கட்டங்களையும் கதையையும் வகுத்தார். அவரே நிரல் எழுதவில்லை. அதை எழுதியது இகேகாமி சூஷின்கி என்ற மற்றொரு ஜப்பானிய நிறுவனம். ரோமின் உள்ளே, திரையில் ஒருபோதும் தோன்றாத இடத்தில், இந்த நிரலை ஆராய்ந்து புரிந்துகொள்ளக் கடினமாக இருந்தால் தாங்கள் கற்றுத்தருவதாக அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் எழுதிவைத்த ஆங்கிலக் குறிப்பு ஒன்று இருக்கிறது. நிரலின் உரிமை யாருடையது என்பது குறித்து இகேகாமி 1983-இல் நிண்டெண்டோ மீது வழக்குத் தொடுத்தது. 1990-இல் அது சமரசத்தில் முடிந்தது. அந்தக் குறிப்பை என் போர்டின் ரோமிலிருந்து படித்தெடுத்த இரவில் நெடுநேரம் உறங்காமல் உட்கார்ந்திருந்தேன். பெயர் வெளியே வராத ஒருவர், என்றாவது யாராவது மூடியைத் திறப்பார் என்று நம்பி எழுதியது அது.

12 பிப்ரவரி 2024

‘கிரேசி காங்’ எழுத்துள்ள போர்டு வந்தால் வாங்கலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. அது ஃபால்கன் என்ற ஜப்பானிய நிறுவனம் நிண்டெண்டோவின் உரிமத்தோடு செய்தது, வேறொரு விளையாட்டின் போர்டில் ஓடுவது, நிறமும் ஒலியும் மாறுபட்டிருக்கும். அமெரிக்காவில் விற்க அதற்கு உரிமம் இருக்கவில்லை, ஆயினும் வந்து சேர்ந்தது. தனிப் பொருளாகச் சேகரிக்கலாம். சிவப்புப் பெட்டிக்குள் அதை வைத்துவிட்டு டாங்கி காங் என்று சொல்வது மட்டும் வேண்டாம்.

17 பிப்ரவரி 2024

இருபத்திரண்டாம் நிலையில் தம் இயந்திரம் சில நொடிகளிலேயே ஜம்ப்மேனைக் கொன்றுவிடுவதாகவும், நினைவகச் சில்லு பழுதா என்றும் ஒருவர் கேட்கிறார். இருபத்திரண்டாம் நிலையை எட்டிய கைக்கு முதலில் என் வணக்கம். உங்கள் சில்லில் குறை இல்லை. 1981-இல் வந்த எல்லா போர்டுகளிலும் அது அப்படித்தான்.

ஒரு கட்டத்தை முடிக்கக் கிடைக்கும் நேரத்தைக் கணக்கிடும் முறை இது: நிலையின் எண்ணைப் பத்தால் பெருக்கி, அதோடு 40 கூட்ட வேண்டும். முதல் நிலையில் 50 வரும், திரையில் 5000 என்று தெரியும். இருபத்திரண்டாம் நிலையில் 260 வர வேண்டும். ஆனால் இந்தக் கணக்கைச் செய்யும் இசட்80 செயலியின் ஒரு பைட்டில் 255-க்கு மேல் இடமில்லை. 255-ஐத் தாண்டியதும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கி, மிச்சம் 4 நிற்கிறது. நான்கைக் கொண்டு எந்த ஏணியையும் ஏறி முடிக்க முடியாது. இடையிலுள்ள நிலைகளில் இது ஏன் வெளிப்படவில்லை என்றால், கணக்கு எவ்வளவு உயர்ந்தாலும் 80-க்கு மேல் போகாதபடி ஒரு வரம்பு இருக்கிறது. 4 அந்த வரம்புக்குக் கீழே இருப்பதால் அப்படியே நின்றுவிடுகிறது.

அமெரிக்க வரிசையில் அது 117-ஆம் கட்டம். முதல் நான்கு நிலைகளில் முறையே 2, 3, 4, 5 கட்டங்கள், ஐந்தாம் நிலையிலிருந்து இருபத்தொன்றாம் நிலை வரை ஆறு ஆறாக 102, ஆக மொத்தம் 116. அதற்கடுத்த பீப்பாய்க் கட்டம்தான் முடிவு. எழுதியவர்கள் இவ்வளவு தூரம் யாரும் வருவார்களென்று எண்ணியிருக்க மாட்டார்கள் என்றே கருதுகிறேன்.

18 பிப்ரவரி 2024

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், அந்தப் பிழையைத் திருத்திய ரோமும், மதிப்பெண்களைச் சேமித்து வைக்கும் துணைப் போர்டும் கிடைக்கின்றனவே, பொருத்தலாமா என்று கேட்கிறார். டாங்கி காங் மதிப்பெண்களை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் பட்டியல் அழிந்து, தொழிற்சாலையில் இட்ட ஐந்து எண்கள் மீண்டும் வந்துவிடும். அவற்றின் உச்சம் 7,650.

சேமிக்கும் போர்டு ஒன்றை நான் 2014-இல் பொருத்தினேன். மகனின் மதிப்பெண்கள் அழியாமல் இருக்கட்டும் என்பது நோக்கம். அவன் 68,000-ஐத் தொட்ட இரவு வரை அது நன்றாகவே இருந்தது. அதன்பின் அந்த எண் உச்சியில் அப்படியே நின்றுவிட்டது. அதை எட்ட முடியாதென்று தெரிந்ததும் அவனே விளையாடுவதைக் குறைத்துக்கொண்டான். ஒரு வருடம் கழித்து அந்தப் போர்டைக் கழற்றினேன். ஒவ்வொரு மாலையும் 7,650-ஐ வெல்ல முடிந்தபோது அவன் மறுபடியும் வந்து நின்றான். இது என் வீட்டு அனுபவம் மட்டுமே; உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம்.

25 பிப்ரவரி 2024

பதினொன்றாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். அசல் என்பதற்கு நான் பெட்டியை அதிகமாக வலியுறுத்திவிட்டேனோ என்று ஐயம் எழுகிறது.

சென்ற இலையுதிர் காலத்தில் ராச்செஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகத்துக்குச் சென்றிருந்தேன். டாங்கி காங் 2017-இல் அங்கிருக்கும் உலக வீடியோ விளையாட்டுப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றது. 2023-இல் அவர்கள் ஏறக்குறைய 20 அடி உயரத்துக்கு ஒரு டாங்கி காங் கேபினட்டை எழுப்பினார்கள். அதன் திரையை அண்ணாந்து பார்க்க வேண்டும், விளையாடும் கட்டுப்பாடுகள் கீழே நம் இடுப்பளவில் இருக்கின்றன. பெட்டி, திரை இரண்டுமே புதியவை. ஆனால் அதை இயக்குவது 1981-ஆம் ஆண்டின் அசல் போர்டு. பதினொன்றாம் தேதி நான் குறிப்பிட்ட அந்த அளவுகோலால் அளந்தால் அது அசலே அல்ல. ஆனால் அங்கே பீப்பாய் ஏணியில் இறங்கிய விதமும் சுத்தியல் ஓங்கிய நேரமும் என் கைக்கு அணுவளவும் அந்நியமாகப் படவில்லை.

மதிப்பெண் சாதனைகள் தொடர்பாக 2018-இல் எழுந்த பெரிய சர்ச்சையும் இதையே சுட்டியது. பழைய ஒளிப்பதிவுகளில் ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டத்தின் உத்தரங்கள் திரையில் வரையப்படும் அந்தக் கண்ணிமைப் பொழுதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அது அசல் போர்டா, கணினியில் ஓடி அந்த போர்டைப் போலவே நடிக்கும் நிரலா (எமுலேட்டர்) என்று வாதிட்டார்கள். இரண்டும் திரையை நிரப்பும் முறையில் நுண்ணிய வேறுபாடு உண்டு. அந்த வழக்கின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. போர்டுக்கென்று ஒரு கையெழுத்து இருக்கிறது என்பதே நான் அதில் கண்டது.

ஆகவே என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். விளையாட்டின் அசல் போர்டில் இருக்கிறது. வரலாற்றின் அசல் பெட்டியில் இருக்கிறது. உங்கள் சிவப்புக் கேபினட்டில் இரண்டாவது நிச்சயம் உண்டு. முதலாவதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் பின்கதவைத் திறக்கச் சொன்னேன்.

2 மார்ச் 2024, கேள்வி கேட்டவரிடமிருந்து

வாங்கிவிட்டேன். உள்ளே நான்கு போர்டுகள். காசுக் கதவின் சட்டத்துக்கு அடியிலும் சிவப்பே. மானிட்டர் சான்யோ. டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அடிப்பலகை நீர் ஊறி உப்பியிருக்கிறது. பக்கவாட்டுச் சித்திரம் பாதி உரிந்திருக்கிறது. இன்னும் சுவிட்சைப் போடவில்லை.

2 மார்ச் 2024

போடாமலே இருங்கள், சனிக்கிழமை நான் வருகிறேன். இரண்டு மணி நேரப் பயணம்தான்.

அடிப்பலகையை முழுதாக மாற்ற வேண்டாம். உப்பிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டுப் போட்டால் போதும், ஒட்டு தெரிந்தாலும் பரவாயில்லை. பக்கவாட்டுச் சித்திரத்துக்கு அச்சிட்ட புதிய படங்கள் கிடைக்கின்றன. பளபளப்பாகவும் இருக்கும். ஆனால் பாதி உரிந்த அந்தப் பழைய படம் 1981-இல் டக்விலாவில் யாரோ ஒருவர் கையால் ஒட்டியது. அதைச் சுரண்டுவதானால் நான் இல்லாதபோது செய்யுங்கள்.

9 மார்ச் 2024

இன்று சென்று வந்தேன். மின்னழுத்தத்தை அளந்தோம், மானிட்டருக்கு 100 வோல்ட்தான் போகிறது. போர்டுகளை இணைக்கும் நாடாக்களில் ஒன்று தளர்ந்திருந்தது, அழுத்திப் பொருத்தினோம். சுவிட்சைப் போட்டதும் படக்குழாய் சூடாக அரை நிமிடம் எடுத்துக்கொண்டு மெல்ல வெளிச்சம் வந்தது. பின்னணி கறுப்பு, நிறங்களெல்லாம் நேர். படம் சற்றே வளைகிறது; கெப்பாசிட்டர்களை மாற்றினால் நிமிரும். ஒலி கரகரத்தது, ஆனால் வந்தது. முதல் கட்டத்தை அடுத்து ரிவெட் கட்டம், ஆகவே அமெரிக்க ரோம்.

கேபினட்டை வாங்கியவரின் மகள் நான்கு முறை முயன்று 9,200 எடுத்துத் தன் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைப் பதித்தாள். சூடு தணியட்டுமென்று நிறுத்திவிட்டு, தேநீர் குடித்து வந்து மீண்டும் போட்டோம். தன் எழுத்துகளைக் காணாமல் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உச்சியில் 7,650 நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடியும் ஏறிக்கொண்டாள்.